செலவு உரிமையாகுமா?

நம் மொழியில் வான்கோழிக்கு நற்பெயர் இல்லை. மயிலின் ஆட்டத்தைக் கண்டு தானும் சிறகை விரித்து ஆடிப் பார்த்த பறவை என்று பள்ளிப் பருவத்திலேயே அதன் மீது ஒரு பழியைச் சுமத்திவிடுகிறோம். அதன் தாயகமாகிய வட அமெரிக்காவில் காட்டு வான்கோழியை நெருங்கி அறிந்தவர்கள் இந்தப் பழியை ஒப்பமாட்டார்கள். இரவில் உயர்ந்த மரக்கிளையில் தங்கி, விடியலில் தரையிறங்கும் அப்பறவையின் பார்வை மிகக் கூரியது. வண்ணங்களைப் பிரித்தறிய வல்லது. முப்பது கஜத்துக்கு அப்பால் ஒரு விரல் அசைந்தாலும் நின்று பார்க்கும். மறுநொடி அவ்விடத்தில் இராது. பல்லாண்டு பழகிய வேட்டைக்காரரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதுண்டு.

இப்பறவையைத் தேடி, ஏப்ரல், மே மாதங்களில், தம் மாநில எல்லையைக் கடந்து, உடன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புறப்படும் பெற்றோர் அந்நாட்டில் பலர். அவர்கள் எல்லோரும் செல்வர்கள் அல்லர். ஊதியத்தில் மிச்சம் பிடித்து, விடுமுறை நாட்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவைத்துப் போகிறவர்களும் உண்டு. ஆகவே, 'குறைந்த செலவில் எப்படிப் போய்வருவது?' என்பது அவர்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் பேசப்படும் கேள்வியாகிவிடுகிறது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது வெறும் வரவு செலவுக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. ஒரு காரியத்துக்காக நாம் பணத்தையும் நாட்களையும் உழைப்பையும் செலவிட்டுவிட்டால், அச்செலவே அதன் பலனை நமக்கு உரிமையாக்கிவிடுமா? அந்தப் பலன் ஓர் உயிராக இருந்தால்? அந்த உயிரைப் பறிக்க வேண்டிய கை நம்முடையதாக இல்லாமல் நம் பிள்ளையினுடையதாக இருந்தால்? இக்கேள்வியைத்தான் இங்கே சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

ஒரு தந்தையின் கணக்கு

ஒரு குடும்பத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். சிகாகோ நகரின் புறத்தே வாழும் ஒரு தொழிலாளி. அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அவர் வாழும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. வசந்தகால வேட்டைக்கான அனுமதிச் சீட்டும் அங்கே மாவட்டவாரியாகக் குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. நிலம் வைத்திருக்கும் நண்பர் எவரும் அவருக்கு இல்லை. எனவே அவருடைய எண்ணம் மேற்கே நெப்ராஸ்கா மாநிலத்தை நோக்கிப் போகிறது.

போகக் காரணம் உண்டு. வெளிமாநிலத்துப் பெரியவரிடம் உள்ளூராரைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்கும் அம்மாநிலம், பதினாறு வயது நிரம்பாத சிறுவருக்கு மட்டும் ஊர் பார்க்காமல் ஒரே சிறு கட்டணத்தில் வான்கோழிச் சீட்டு வழங்கி வந்திருக்கிறது. சிறுவருக்கென்றே பொதுப் பருவத்துக்கு முன்னதாகச் சில நாட்களையும் ஒதுக்குகிறது. அங்கே ஹால்சி என்னும் சிற்றூருக்கருகே தேசியக் காடு ஒன்று உண்டு. அது பொதுமக்கள் நிலம். வேட்டைச் சீட்டு கையிலிருந்தால் உள்ளே நுழைவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கூடாரம் அடித்துத் தங்கலாம்.

வழி நீண்டது. அயோவா மாநிலத்தைக் குறுக்கே கடந்து எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் கிராண்ட் ஐலண்ட் வரை சென்று, அங்கிருந்து இரண்டாம் எண் சாலையில் வடமேற்கே திரும்ப வேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 750 மைல். போகவர 1,500 மைல். காலனுக்கு 25 மைல் ஓடும் காராக இருந்தால் 60 காலன் பெட்ரோல். அதே வயதில் பிள்ளையுள்ள இன்னொரு தந்தை உடன் வந்தால் அச்செலவு பாதியாகும். விடுதி அறைக்குப் பதில் கூடாரம். உணவு விடுதிக்குப் பதில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் அரிசியும் பருப்பும் முட்டையும். புதுத் துப்பாக்கிக்குப் பதில் உறவினரிடம் இரவல் வாங்கிய சிறியதொரு ரவைத் துப்பாக்கி. தந்தை தம் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும்.

இப்படி எழுதிக் கூட்டினால் தாளின் அடியில் ஒரு தொகை வரும். அத்தொகை அவருக்குச் சிறியதன்று. அதற்காக அவர் எதையேனும் விட்டுக்கொடுத்திருப்பார். அந்த இடத்தில்தான் நம் கேள்வி தலைகாட்டுகிறது.

முன்னோர் கொடுத்த விலை

ஆனால் அவர் எழுதிய தொகை மட்டுந்தானா அப்பயணத்தின் விலை? அவருக்கு முன்னே பலர் கொடுத்துவிட்டுப் போன விலை ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் அழைத்துப் போவது அரைகுறைக் கணக்காகும்.

ஹால்சிக் காடு இயற்கையாய் முளைத்ததன்று. அது மணற்குன்றுகளும் புல்லுமாய்க் கிடந்த வெளி. அங்கும் மரம் வளரும் என்று நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் சார்லஸ் பெஸ்ஸி நெடுங்காலம் வாதாடினார். 1902ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்நிலத்தைக் காட்டுக்கென ஒதுக்கினார். அதே ஆண்டு அங்கே ஒரு நாற்றுப்பண்ணை தொடங்கியது. மனிதக் கையால் நட்டு வளர்த்த அமெரிக்கக் காடுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது வளர்ந்தது. 2022 அக்டோபரில் மூண்ட பெருந்தீ அதில் ஒரு பகுதியைத் தின்றபோதும் காடு அழிந்துவிடவில்லை.

பறவையின் கதையும் அத்தகையதே. கண்மூடித்தனமாகச் சுட்டதாலும் காடுகளை அழித்ததாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. நெப்ராஸ்காவும் அவற்றுள் ஒன்று. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள்; அவை பிழைக்கவில்லை. எதைக் கண்டு அஞ்சுவது, எங்கே உறங்குவது என்று தாய்ப் பறவை கற்றுக்கொடுக்காத குஞ்சு, காட்டில் இருந்தும் காட்டுப் பறவையாகாது போலும்! பிறகு, பறவைகள் மிஞ்சியிருந்த இடங்களில், வெடிவிசையால் பாயும் வலைகளை வீசி உயிரோடு பிடித்து, இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் விடும் வேலை 1950களிலிருந்து பெருமளவில் நடந்தது. நெப்ராஸ்காவின் வடமேற்கே பைன் ரிட்ஜ் பகுதியில் 1959ஆம் ஆண்டில் அவ்வாறு பறவைகள் விடப்பட்டன. இன்று அலாஸ்கா ஒன்று நீங்கலாக அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? வேட்டைச் சீட்டின் கட்டணத்திலிருந்தும், 1937ஆம் ஆண்டின் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரியிலிருந்தும் பெரும்பகுதி வந்தது. சுட்டவர்களே காத்தவர்களுமானார்கள் என்பது கேட்க விந்தையாக இருக்கலாம். ஆனால் நடந்தது அதுவே. அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்களில் பறவைகள் மறுபடியும் குறையத் தொடங்கியதும் கட்டுப்பாடுகள் இறுகின. நெப்ராஸ்கா 2024ஆம் ஆண்டில் வெளிமாநிலத்தாருக்கான வசந்தகாலச் சீட்டுகளுக்குப் பத்தாயிரம் என்று வரம்பு விதித்தது.

இந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தால் நம் தொழிலாளியின் செலவுத் தொகை சிறுத்துப்போகிறது. அவர் தருவது அப்பறவையின் விலையன்று. அந்த மரத்தை நட்டவருக்கும் அந்த வலையைச் சுமந்தவருக்கும் அவர் என்ன கொடுத்தார்? ஒன்றுமில்லை. பெற்றுக்கொண்டது முழுவதும் நன்கொடை. நன்கொடையைப் பெறுகிறவன் 'நான் காசு கொடுத்தேன்' என்று அதட்டிக் கேட்க இடமேது?

எதில் சிக்கனம்?

சிக்கனம் நல்ல பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் எதில் சிக்கனம் என்பதை அறியாத சிக்கனம் கேடாய் முடியும். இப்பயணத்தில் குறைக்கத்தக்க செலவுகள் உண்டு. குறைக்கக் கூடாத செலவுகளும் உண்டு.

கூடாரத்தில் தங்கலாம், பழைய உடையை அணியலாம். விளம்பரங்களில் மின்னும் கருவிகளை வாங்காமல் விடலாம். பெட்டையின் குரலை எழுப்பும் மரப்பெட்டி ஒன்று போதும். 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்ற எளிய கருவி அது. மூடியைப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவது போன்ற ஓசை பிறக்கும். தந்தையும் மகளும் மாலை வேளைகளில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதை இழுத்துப் பழகுவதற்குச் செலவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டியவர் வீட்டிலுள்ள தாய் மட்டுமே!

ஆனால் பயிற்சியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. நெப்ராஸ்காவின் பொதுவிதிப்படி அவ்வயதுச் சிறுமி வேட்டைப் பாதுகாப்புக் கல்வியை முடித்திருக்க வேண்டும். தாளில் வரைந்த பறவைத் தலையை நோக்கிச் சுட்டுச் சுட்டு, எத்தனை கஜத்துக்குள் தன் துப்பாக்கியின் ரவைகள் சிதறாமல் சேர்ந்து விழுகின்றன என்று அவள் தானே கண்டறிய வேண்டும். வான்கோழியைத் தலையையும் கழுத்தையும் பார்த்தே சுட வேண்டும். உடலில் பட்ட ரவை உடனே கொல்லாது, காயப்படுத்தி ஓடவிடும். முப்பது கஜம் என்று முடிவாகிவிட்டால் முப்பத்தைந்தில் நிற்கும் பறவை அவளுக்கு இல்லாத பறவை. பயிற்சித் தோட்டாவில் மிச்சம் பிடித்தவர் பறவையின் வலியில் அதைச் செலவழிக்கிறார்.

பாதுகாப்பிலும் சிக்கனம் இல்லை. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாய் இருக்கும். ஆதலால் அந்நிறங்களை வேட்டைக்காரர் உடையில் வெளித்தெரிய அணிவதில்லை. தோள் அகலத்துக்கு மேற்பட்ட மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்வார்கள். குரல் கேட்ட திசையை நோக்கிப் பதுங்கிச் செல்வதில்லை. அக்குரல் இன்னொரு மனிதனின் மரப்பெட்டியாகவும் இருக்கலாம். துணைக்கு வரும் பெரியவருக்கும் சீட்டு வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அந்த ஆண்டின் விதிகளைப் புறப்படுமுன் படித்தறிவது காசில்லாக் கடமை.

இனி, பணமுள்ளவர் போகும் வழியையும் பார்ப்போம். தனியார் பண்ணைகளில் வழிகாட்டிகளை அமர்த்தி, ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வேட்டைக்குப் போகலாம். பறவை எந்த மரத்தில் உறங்குகிறது என்பதை வழிகாட்டி முந்திய நாளே பார்த்து வைத்திருப்பார். அமர்வதற்கு மறைவிடம் கட்டியிருப்பார். அங்கே விற்கப்படுவது பறவையன்று. கிட்டத்தட்ட நிச்சயம் என்னும் நம்பிக்கை. அதை வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கியவர் தம் பிள்ளையின் தோளில் என்ன சுமையை ஏற்றுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு விடியற்காலையில்தான் தெரியும்.

அந்த விடியல்

சூரியன் எழ இன்னும் நேரமிருக்கிறது. குளிரில் தந்தையும் மகளும் ஒரு பைன் மரத்தடியில் ஒட்டி அமர்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி முக்காலியில் தாங்கியிருக்கிறது. எங்கோ உயரத்தில், இருளுக்குள்ளிருந்து, சேவல் ஒன்று கொக்கரிக்கிறது. மகளின் மூச்சு வேகமாவது தந்தைக்குக் கேட்கிறது. அவர் மரப்பெட்டியை மெல்ல இழுக்கிறார்.

வழக்கப்படி சேவல் குரல் கொடுக்கும். பெட்டைகள் அதனைத் தேடி வரும். வேட்டைக்காரர் கேட்பது அவ்வழக்கத்துக்கு மாறானது: 'நீ என்னிடம் வா' என்று பெட்டையின் குரலில் அழைக்கிறார். அது சந்தேகப்படும், நிற்கும், சுற்றிவரும். சில நாள் வரவே வராது. அன்று வருகிறது. மரங்களுக்கிடையே வெண்மையும் சிவப்புமாய் ஒரு தலை. வால் விசிறியாய் விரிகிறது. முதல் வெயில் படும்போது அதன் கரிய இறகில் செம்பும் பச்சையும் மின்னுகின்றன. இருபத்தைந்து கஜம். தலை நிமிர்ந்து நிற்கிறது.

மகள் சுடவில்லை.

ஒரு நொடி, இன்னொரு நொடி. பிறகு உதடு அசையாமல் சொல்கிறாள்: "அப்பா, வேண்டாம்."

அந்த நொடியில் தந்தையின் உள்ளத்தில் என்ன ஓடுகிறது? 1,500 மைல் ஓடுகிறது. 60 காலன் பெட்ரோல் ஓடுகிறது. கேட்டு வாங்கிய விடுமுறையும் இரவல் துப்பாக்கியும் ஓடுகின்றன. 'இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்னும் ஒற்றைக் கேள்வியாய் அவையெல்லாம் நாவின் நுனியில் வந்து நிற்கின்றன. அவர் அதைச் சொல்லிவிட்டால் மகள் சுட்டுவிடக்கூடும். பறவை விழும், படம் எடுக்கலாம், ஊர் திரும்பிக் காட்டலாம். ஆனால் அப்போது அந்த உயிரைப் பறித்தது மகளின் முடிவன்று; தந்தையின் செலவுக் கணக்கு. பன்னிரண்டு வயதில் அவள் கற்றுக்கொண்ட பாடமும் வேட்டைப் பாடமாக இராது. 'பணம் செலவாகிவிட்டால் மனம் சொல்வதைக் கேட்கக் கூடாது' என்பதே அப்பாடம்.

ஆகவே, குறைந்த செலவில் போவதன் உண்மைப் பயன் பணப்பையில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. பிள்ளையின் 'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டுமே செலவு இருக்கவேண்டும். வெறுங்கையோடு திரும்பினால் எந்தத் தொகை நம்மைக் கசப்படைய வைக்குமோ, அந்தத் தொகை நம் சக்திக்கு மீறியது. வங்கியில் பணம் இருந்தாலும் மீறியதுதான். எந்தத் தொகையை இழந்தும் நாம் முகம் கோணாமல் பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க முடியுமோ, அதுவே நமக்கு ஏற்ற செலவு.

சில மறுப்புகள்

'சுட மனமில்லாவிட்டால் எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும்? வீட்டிலேயே இருந்திருக்கலாமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டிலிருந்தபடி சொல்லும் 'வேண்டாம்' எதையும் விலக்காத 'வேண்டாம்'. அதே வீட்டில் நவம்பர் மாதம் நன்றி கூறும் நாளில் வான்கோழி இறைச்சி மேசைக்கு வரும். அந்தப் பறவை, மார்பு பெருக்கப் பெருக்க வளர்த்தெடுத்த வெள்ளை இனம். முழு வளர்ச்சியில் அது பறக்க இயலாது, தன் இணையோடு இயல்பாய்க் கூடவும் இயலாமல் செயற்கைக் கருவூட்டலால் பெருக்கப்படுவது. அதன் இறைச்சி மலிவாகக் கிடைக்கிறது. அதற்காக எவருக்கும் கண் கலங்குவதில்லை. உண்ணும் உணவுக்கு ஓர் உயிர் விலையாகிறது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, காணாத பிள்ளையைவிட நேர்மையாக உண்ணும். அல்லது நேர்மையாக உண்ணாதிருக்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் பயணம் வீணன்று.

'எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுவது கோழைத்தனம் அல்லவா? பிள்ளைக்கு விடாமுயற்சியைக் கற்பிக்க வேண்டாமா?' என்று இன்னொருவர் கேட்கலாம். விடாமுயற்சி வேண்டும்தான். குளிரில் எழ மறுத்தால் எழுப்பலாம். பயிற்சியில் சலித்தால் ஊக்கலாம். கால் வலிக்கிறது என்றால் இன்னும் சற்றுத் தூரம் என்று கையைப் பிடித்து நடத்தலாம். சோம்பலை வெல்லச் சொல்வது தந்தையின் உரிமை. மனச்சான்றை வெல்லச் சொல்வது எவருடைய உரிமையும் அன்று. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதற்காகவே தந்தை பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அதற்கு ஒரு வழியும் உண்டு. புறப்படும் முன்பே, வீட்டில், விளக்கொளியில் பேசிவிட வேண்டும்: 'எந்த நொடியிலும் நீ வேண்டாம் எனலாம். ஏன் என்று அங்கே கேட்கமாட்டேன். திரும்பும் வழியிலும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.' வாக்குக் கொடுத்தால் காக்க வேண்டும். 750 மைல் தொலைவுக்கு அந்த வாக்கைக் காப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

'உயிர்க்கொலையே தீது, இதில் நல்லது கெட்டது பார்ப்பானேன்?' என்பார் மூன்றாமவர். அவருடைய இரக்கத்தை மதிக்கிறேன். இறைச்சி உண்ணாமலே வாழும் அவரோடு எனக்கு வழக்கில்லை. நான் பேசுவது, உண்பவர்களாகிய நம்மைப் பற்றி.

மகள் சுட்டுவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கடமைகள் முடிந்துவிடவில்லை, தொடங்குகின்றன. பறவையில் சீட்டைப் பிணைத்து, விதிப்படி அரசுக்கு அறிவித்து, இறகு களைந்து, குடல் நீக்கி, தொடையும் மார்பும் வீணாகாமல் சமைத்து, உடன் வந்தவரோடு பகிர்ந்துண்ண வேண்டும். அவள் அழுதால் 'இதற்கெல்லாம் அழுவதா?' என்று கேட்கக் கூடாது. அழாவிட்டால் 'ஏன் அழவில்லை?' என்றும் கேட்கக் கூடாது.

கைக்கெட்டும் தூரத்தில்

இக்கேள்வியில் நம் மார்க்கம் காட்டும் வெளிச்சம் ஒன்று உண்டு. உணவுக்காக வேட்டையாடுவதை ஷரீஅத் அனுமதிக்கிறது. அதற்கு முறைகளையும் வகுத்திருக்கிறது. உயிருள்ள ஒன்றைக் குறிபார்க்கும் இலக்காக நிறுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் இங்கே நினைவூட்ட விரும்புவது வேறொன்று: இஹ்ராமின் சட்டம்.

இஹ்ராம் அணிந்தவர் தரைவேட்டை ஆடக் கூடாது. மற்ற நாட்களில் ஆகுமான ஒன்று அந்நாட்களில் விலக்கப்படுகிறது. கையும் ஈட்டியும் எட்டும் அண்மையில் வேட்டைப் பிராணி வந்து நிற்பதை ஒரு சோதனையாகவே அல்மாயிதா அத்தியாயம் பேசுகிறது. இதில் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி யாதெனில், ஒரு முஸ்லிம் தன் வாழ்நாளிலேயே மிகுதியான பொருளைச் செலவிட்டு, மிகுந்த தொலைவு கடந்து செல்லும் பயணம் பெரும்பாலும் ஹஜ் பயணந்தான். செலவு உரிமையைத் தருமானால் அங்கன்றோ எல்லா உரிமையும் தந்திருக்க வேண்டும்! ஆனால் அங்கேதான் கை மடக்கப்படுகிறது. இவ்வளவு கொடுத்து வந்தவனே, இங்கே உனக்கு எட்டுகிறதை எடுக்காமல் நில் என்று சொல்லப்படுகிறது. செலவும் தூரமும் மனிதனுக்கு அதிகாரத்தைத் தருவதற்காக அல்ல, அடக்கத்தைக் கற்பிப்பதற்காக என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

இந்த விளக்கம் வேட்டையோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் துப்பாக்கி இல்லை. ஆனால் 'உனக்காக எவ்வளவு செலவழித்தேன் தெரியுமா?' என்ற சொல் இருக்கிறது. நன்கொடை கொடுத்துக் கல்லூரியில் சேர்த்த மகன் அப்படிப்பு தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது அச்சொல் வருகிறது. பேசி முடித்துப் பணமும் கைமாறிய பின், மகள் தயங்கித் தயங்கி 'வேண்டாம் வாப்பா' என்று சொல்லும்போது வருகிறது. வளைகுடாவுக்குக் கடன்பட்டு அனுப்பிய பிள்ளை ஊர் திரும்ப வேண்டும் என்று எழுதும்போது வருகிறது. சொன்னவுடன் பிள்ளை அடங்கிப்போகிறது. நாம் வென்றுவிட்டதாக எண்ணுகிறோம். பிள்ளைக்காகச் செய்தது அன்பளிப்பாகத் தொடங்கிக் கடன் பத்திரமாக முடிந்துவிட்டதை நாம் கவனிப்பதில்லை. எந்த நிய்யத்தோடு கொடுத்தோம் என்பது, திருப்பிக் கேட்கும்போதுதான் வெளிப்படுகிறது.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளிலிருந்து அந்தக் கார் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. பனிக்கட்டிப் பெட்டி காலி. பயன்படாத சீட்டு சட்டைப் பையில். மகள் முன்னிருக்கையில் அமர்ந்து மரப்பெட்டியை மடியில் வைத்திருக்கிறாள். தந்தைக்குச் சொல்ல ஆயிரம் சொல் உண்டு; வாக்குக் கொடுத்திருக்கிறார்; சொல்லவில்லை. புரோக்கன் போ ஊரைத் தாண்டியதும் வழியோரம் நிறுத்தி, மிச்சமிருந்த முட்டையைப் பொரித்து இருவரும் உண்கிறார்கள்.

வீடு சேர்ந்ததும் அவர் தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து செலவை வரிசையாக எழுதட்டும்: பெட்ரோல், சீட்டு, கூடார இடம், தோட்டா. வரவு என்ற பத்தியில் எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் அதை வெறுமையாகவே விட்டுவிடட்டும். மகள் அதை ஒருநாள் எடுத்துப் படிக்கும்போது, அவ்வெறுமையின் பக்கத்தில் குறைகூறும் சொல் ஒன்றும் எழுதப்படாமல் இருந்தால் போதும்.